சேர்வர் வாங்கித் தாறம் என்றார்கள்: 30 கணினிக்கு எது பொருந்தும்?

நான் கணினிப் பாடம் (ஐ.சி.டி.) படிப்பிக்கும் பாடசாலையின் பழைய மாணவர் சங்க வட்ஸ்அப் குழுவில் போன தவணை விடுமுறையில் ஒரு செய்தி வந்தது. "சேர், லேபுக்கு என்ன வேணும்? நல்ல சேர்வர் ஒண்டு வாங்கித் தாறம்." அனுப்பியவர் டொரொன்டோவில் இருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து ஐந்து லட்சம் ரூபா வரை திரட்டலாம் என்றார். "ஓமெண்டு சொல்லுங்க சேர், பிறகு மனம் மாறிரும்" என்றார் அதிபர். நான் ஒரு கிழமை தவணை கேட்டேன்.

சேர்வர், அதாவது மற்றக் கணினிகளுக்குக் கோப்பும் சேவையும் கொடுக்கும் மையக் கணினி, என்றதும் குளிரூட்டிய அறையும் மினுங்கும் பச்சை விளக்குகளும் எல்லோர் மனத்திலும் வந்துவிடுகின்றன. எங்கள் லேபில் குளிரூட்டி இல்லை. இரண்டாவது ஐ.சி.டி. ஆசிரியரும் இல்லை. நான் இடமாற்றத்தில் போனால் அந்தச் சேர்வரை யார் பார்ப்பது என்ற கேள்விதான் முதலில் வந்தது. ஒரு கிழமை முழுக்க எந்த வழியை எடுத்தாலும் கணக்கு கடைசியில் அந்தக் கேள்வியிலேயே போய் நின்றது.

எங்கள் பாடசாலை களுவாஞ்சிகுடியிலிருந்து அதிக தூரமில்லை. மொத்தம் 30 கணினி. அதில் 18 பழசு: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரெம், சுழலும் ஹார்ட் டிஸ்க். இன்னும் 8 பின்னால் வந்தவை, பத்தாம் தலைமுறை. மிச்சம் 4 அலுவலகம், நூலகம், ஆசிரியர் அறை என்று சிதறிக் கிடக்கின்றன. பழைய 18இன் உறையில் ஒரு காலத்தில் விண்டோஸ் உரிம ஸ்டிக்கர் இருந்திருக்கும். பிள்ளைகள் நகத்தால் சுரண்டி இப்போது வெள்ளைத் தழும்புதான் மிச்சம். மூன்றில் மட்டும் எழுத்து தெரிகிறது.

2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. ஒபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கடைசி. விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரசசரும் வேண்டும். அதாவது எங்கள் 18க்கும் அந்தக் கதவு பூட்டு. விண்டோஸின் உள் அமைப்புப் பதிவான ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து ஏமாற்றிப் போடலாம், யூடியூபில் வழி இருக்கிறது. அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே சேர்வரைப் பற்றி யோசிக்கும் முன் கணினிகளில் என்ன ஓடப்போகிறது என்பதை முடிவெடுத்தாக வேண்டியிருந்தது.

கடையில் போட்டுத் தந்த விண்டோஸ்

ஒளிக்க ஒன்றுமில்லை. மட்டக்களப்பிலும் சரி, கல்முனையிலும் சரி, கணினி வாங்கும்போது "விண்டோஸ், ஒபிஸ், பாமினி எல்லாம் போட்டுத் தாறம்" என்றுதான் கடையில் சொல்வார்கள். அதற்குத் தனிப் பற்றுச்சீட்டு கிடையாது. பெரும்பாலும் அது கே.எம்.எஸ். முறையைப் போலி செய்யும் ஒரு நிரல். உண்மையான கே.எம்.எஸ். என்பது மொத்த உரிமம் வாங்கிய நிறுவனத்துக்குள் ஓடும் ஒரு சேர்வர். குறைந்தது 25 கணினிகள் அதைத் தொட்டால்தான் அது விண்டோஸை இயங்க விடும். பிறகு 180 நாளுக்குள் மறுபடி தொட வேண்டும். கிராக் நிரல் அந்தச் சேர்வர் வேலையை உங்கள் கணினிக்குள்ளேயே இருந்து நடித்துக் காட்டுகிறது. அது நடிக்க வேண்டுமானால் வைரஸ் காவலை நிறுத்தி வைக்க வேண்டும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பக்கத்துப் பாடசாலை ஒன்றின் அலுவலகக் கணினியை ஒருநாள் பார்க்கப் போனேன். புள்ளிப் பதிவுகள், சம்பளப் படிவங்கள், பிள்ளைகளின் அனுமதி விவரங்கள், எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் டொலரில் கப்பம் கேட்டு ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. ஸ்டொப் என்ற ரான்சம்வேர் குடும்பம் இப்படித்தான் செய்யும். கிராக் நிரல்களோடு ஒட்டிக்கொண்டுதான் அது உலகெங்கும் பரவியது. அந்த அலுவலக உதவியாளர் மிஸ் மூன்று வருடப் புள்ளிகளை ஆசிரியர்களின் கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து திரும்பத் தட்டினார். ஒரு தவணை போனது.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை நூல்களோடும் கட்டுரைகளோடும் ஒரே வரிசையில் வைத்துப் பாதுகாக்கிறது. அதே சட்டம் எங்கள் உயர்தர ஐ.சி.டி. வகுப்பில் பாடமாகவும் வருகிறது. கிராக் போட்ட கணினியில் அந்தப் பாடத்தை ஸ்லைட் போட்டுக் காட்டியவன் நான். பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் திரையின் மூலையைக் காட்டிச் சிரித்தான். "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று அங்கே நரைத்த எழுத்தில் நின்றது.

செலவில்லாத வழி என்று இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு தரம் ஃபோமட் பண்ணும் கூலி, வைரஸ் பென் டிரைவால் சோர்ட்கட்டாக மாறிய பிள்ளைகளின் ஒப்படைகள், அந்த மூன்று வருடப் புள்ளி, இவற்றையும் கூட்டினால் செலவில்லாத வழி இது என்று எனக்குத் தோன்றவில்லை.

காசு கொடுத்து வாங்கினால்

விண்டோஸ் உரிமம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துத்தான் பல பாடசாலைகள் கை சுட்டுக்கொள்கின்றன. புதுக் கணினியோடு வருவது ஓ.இ.எம். உரிமம். மலிவு, ஆனால் அது கணினியின் தாய்ப்பலகையோடு, மதர்போட்டோடு, தாலி கட்டியது. எங்களுக்கு இது நடந்தது. 2022 ஒக்டோபரில் வடகீழ்ப் பருவத்துக்கு முந்திய இடி மின்னல் நாளொன்றில், பின்னேரம் மூன்று மணியிருக்கும், தொலைபேசிக் கம்பி வழியே மின்னல் இறங்கியது. முதலில் ரவுட்டர், அங்கிருந்து நெட்வேர்க் கேபிள் வழியே கணினிகளை இணைக்கும் சுவிட்ச், அங்கிருந்து இரண்டு கணினியின் மதர்போட். அந்த இரண்டும் ஸ்டிக்கர் இருந்தவை. புதுப் போட் போட்டதும் விண்டோஸ் "இது வேறு கணினி" என்றது. உத்தரவாதக் காலத்துக்குள் பழுதான போட்டை மாற்றினால் மட்டும் உரிமம் தொடரும், எங்களுடையது அந்தக் காலம் கடந்தது. கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம் என்ற எங்கள் நிலத்தில் மதர்போட் நீண்ட ஆயுளோடு இருப்பதுமில்லை. உப்புக்காற்றில் ரெம்மின் பொன்நிறப் பற்கள் கறுக்கும். மாதம் ஒருமுறை அழிறப்பரால் தேய்த்துப் போடுவதுதான் எங்கள் லேபின் முதலுதவி. பல்லி ஒன்று பவர் சப்ளைக்குள் கருகிக் கிடந்ததையும் எடுத்திருக்கிறேன்.

தனியாக வாங்கும் ரீடெய்ல் உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம், விலை கூட. மூன்றாவது, கல்வி நிறுவனங்களுக்கான மொத்த உரிமம். இதில் ஒரு பொடி எழுத்து இருக்கிறது: மொத்த உரிமத்தில் வாங்கும் விண்டோஸ் மேம்படுத்தல் உரிமம்தான். கணினியில் ஏற்கெனவே முறையான அடிப்படை விண்டோஸ் இருந்தால்தான் அது செல்லும். கிராக் விண்டோஸின் மேல் அதை வாங்கிப் போட்டால் காசும் போய், உரிமமும் இல்லாத நிலைதான்.

இதே முட்டுக்கட்டை விண்டோஸ் 10இன் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டிலும் வருகிறது. கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசொப்ட் வைத்த விலை கேட்க இனிப்பானது: கணினிக்கு முதல் வருடம் 1 டொலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. முப்பதுக்கும் போட்டால் மூன்று வருடத்துக்கு 210 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 63,000 ரூபா. கணக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். எங்களில் எத்தனை கணினிக்கு அடிப்படை உரிமம் இருக்கிறது? ஸ்டிக்கர் வாசிக்கக்கூடிய மூன்றும், பெட்டியோடு முறையாக வந்த எட்டும். அந்த எட்டுக்கு விண்டோஸ் 11 போகும், அப்டேட் வாங்கத் தேவையே இல்லை. உங்கள் பாடசாலைக்குப் பழைய கணினிகள் முறையான விண்டோஸோடு வந்திருந்தால், இந்த 1, 2, 4 டொலர் வழியைவிட மலிவானது வேறில்லை. 2028 ஒக்டோபர் வரை மூச்சு விடலாம்.

ஃபேஸ்புக்கில் சில நூறு ரூபாவுக்கு "ஒரிஜினல் கீ" விற்கிறார்கள். அவற்றில் பல யாரோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று பச்சை காட்டும், நாளை செத்துவிடும். பற்றுச்சீட்டோ ஒப்பந்தமோ காட்ட முடியாத கீ, கணக்காய்வாளர் வந்து கேட்டால் வெறும் 25 எழுத்து.

டொலரில் கட்டும் எதிலும் இன்னொரு பயம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. வருடச் சந்தாவை நம்பி லேபைக் கட்டியிருந்தால் அந்த வருடம் அபிவிருத்திச் சங்கம் என்ன செய்திருக்கும்? ஒருமுறை வாங்கி முடிக்கும் உரிமத்தை நான் விரும்புவதற்கு அதுதான் காரணம்.

லினக்ஸ்: பயந்த இடமும் பயப்படாத இடமும்

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். பழைய ஐ3 ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலாத வேகமான எஸ்.எஸ்.டி. போட்டு, ரெம்மை 8 ஆக்கி, லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான பதிப்பைப் போட்டேன். விண்டோஸில் தேநீர் குடித்துவிட்டு வரும் நேரம் எடுத்த கணினி, அரை நிமிடத்துக்குள் திரைக்கு வந்தது. 2029 வரை அப்டேட் உண்டு. உரிமம் எண்ண வேண்டியதில்லை. 18க்குப் போட்டாலும் 180க்குப் போட்டாலும் நிறுவுவதற்கு அதே ஐ.எஸ்.ஓ. கோப்புத்தான்.

நான் பயந்தது பாமினியை நினைத்து. எங்கள் வினாத்தாள்கள், சுற்றறிக்கைகள், பத்து வருடப் பரிசளிப்பு விழா மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பயம் வீண். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துருதான். கணினி அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொள்கிறது. எழுத்துருக் கோப்பைப் போட்டதும் பழைய கோப்புகள் அப்படியே திறந்தன, தட்டச்சுப் பழகிய விரல்களும் அப்படியே ஓடின. யூனிகோடுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது, தமிழ்99உம் இருக்கிறது.

பயப்படாமல் விட்டு அடிபட்ட இடம் எக்செல். மேலிடத்திலிருந்து வரும் புள்ளிப் பகுப்பாய்வுப் படிவத்தில் மக்ரோ என்ற சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமத்தினால் சித்தி வீதம், இசட் புள்ளி, வரைபு எல்லாம் வரும். லினக்ஸோடு வரும் லிப்ரே ஒபிஸில் பொத்தான் இருந்தது, அமத்தினால் பிழைச் செய்திதான் வந்தது. விண்டோஸ் மக்ரோக்களில் எளியவற்றை லிப்ரே ஒபிஸ் ஓட்டும், இது எளியதில்லை. அன்றே முடிவெடுத்தேன்: அலுவலகத்துக் கணினி லினக்ஸுக்குப் போகாது.

பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் கவலைப்பட்டார்கள். "பரீட்சைக்கு வேர்ட்தானே சேர் வரும்?" என்று ஒரு தாய் வாசலில் வைத்துக் கேட்டார். நியாயமான கேள்வி. லிப்ரே ஒபிஸின் தோற்றத்தை டெப் வடிவத்துக்கு மாற்றினால் வேர்டின் ரிப்பனுக்கு மிகக் கிட்ட வந்துவிடும். சேமிக்கும் வடிவத்தை ஒருமுறை வேர்டின் டொக்எக்ஸ் என்று குறித்து வைத்தால் போதும். புதிய எட்டுக் கணினியிலும் விண்டோஸ் இருப்பதால், பரீட்சைத் தவணையில் முறை வைத்து எல்லோரும் அதில் இருக்கலாம். உயர்தரத்துக்குப் பைதன், எச்.டி.எம்.எல்., பி.எச்.பி., மைஎஸ்.கியூ.எல். படிக்கும் பிள்ளைகளுக்கோ லினக்ஸ் சொந்த வீடு மாதிரி. "என்ன சேர், சி டிரைவ் காணல்ல?" என்று முதல் நாள் கேட்டார்கள். ஒரு கிழமையில் அந்தக் கேள்வி நின்றது. ஆசிரியர்களுக்கு ஒரு தவணை பிடித்தது, சிலருக்கு இன்னும் பிடிக்கவில்லை.

கெஸ்ட் செஷன் என்ற வசதியை நான் பெரிதாக மெச்சுகிறேன். பிள்ளை உள்ளே போய் என்ன குழப்பினாலும், வெளியேறியதும் கணினி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். வோல்பேப்பரில் நடிகர் படம் வைக்கும் போட்டி ஒழிந்தது. ஆனால் தரம் 10 பிள்ளை ஒருத்தி முக்கால் மணி நேரம் செய்த ஒப்படையும் அதே துடைப்பில் போனது. அழுதுகொண்டு நின்றாள். கோப்புகளை வைக்க ஒரு பொது இடம் தேவை என்று அந்தக் கண்ணீர்தான் காட்டியது. அப்படித்தான் சேர்வர் பேச்சுக்குத் திரும்பினேன்.

சேர்வர்: எதை நம்பி?

அந்த டொரொன்டோத் தம்பி மனத்தில் வைத்திருந்தது விண்டோஸ் சேர்வர். எல்லாக் கணினியும் ஒரே டொமைனில், அதாவது சேர்வரின் ஒரே கட்டுப்பாட்டில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும். பெரிய நிறுவனத்தில் அழகாகத்தான் இருக்கும். விலையைக் கேட்கும்போது மூன்று தரம் கேட்க வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு விலை. விண்டோஸ் சேர்வர் உரிமம் புரசசரின் கோர் கணக்கில், குறைந்தது 16 கோர் என்று எண்ணி வாங்க வேண்டும். அதற்கு மேல், அதைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ அணுகல் உரிமம், சி.ஏ.எல்., தனியாக. ஒரு கணினியைச் சின்னப் பெட்டிகளால் ஐந்தாறு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகளை நன்கொடையாகத் தருகிறார்கள். அவற்றை விண்டோஸ் சேர்வரில் ஓட்டினால் சி.ஏ.எல். போதாது, தொலைத்திரைக்கான இன்னொரு உரிமமும் ஆளுக்கு ஒன்று வேண்டும். பெட்டி தந்தவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. ஆயுளும் எண்ணி வைத்ததுதான்: 2012 ஆர்2 பதிப்புக்கு 2023 ஒக்டோபரோடு அப்டேட் முடிந்தது, 2016 பதிப்புக்கு 2027 ஜனவரியோடு முடிகிறது.

கரண்ட் கணக்கையும் போடுங்கள். 100 வொட் இழுக்கும் இயந்திரம் இரவு பகலாக ஓடினால் மாதம் 72 அலகு. யூ.பி.எஸ். பற்றரி எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க இருட்டு. யூ.பி.எஸ். இருப்பது சேர்வரை ஒழுங்காக நிறுத்தத்தான், ஓட்ட அல்ல. அதை நிறுத்த ஞாயிற்றுக்கிழமை யார் லேபுக்கு வருவது?

பல்கலைக்கழகங்களின் கதை வேறு. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் நெட்வேர்க் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். பின்னால் லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பும் இருக்கிறது. 2020இல் கொரோனா முடக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் டேட்டாச் செலவில்லாமல் சூமில் படித்தது அந்த வலையமைப்பால்தான். பாடசாலைக்கு அப்படி ஒரு முதுகு இல்லை. அவர்களைப் பார்த்து நாம் சேர்வர் அறை கட்டினால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்ட கதையாகும்.

விண்டோஸை விட்டால், பழைய கணினி ஒன்றிலேயே லினக்ஸ் சேர்வர் போடலாம். உரிமச் செலவு பூச்சியம். என்னை மயக்கியது எல்.டி.எஸ்.பி. அந்த முறையில் 18 கணினிக்கும் ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம், நெட்வேர்க் வழியே சேர்வரிலிருந்து எழும்பும். ஒரு இடத்தில் மென்பொருள் போட்டால் பதினெட்டிலும் வந்துவிடும். இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன், நல்ல கிகாபிட் சுவிட்ச் இருந்தால் அருமையாக ஓடுகிறது. பிறகு சேர்வரின் வயரைக் கழற்றிப் பார்த்தேன். பதினெட்டும் ஒரே நேரத்தில் உறைந்தன. அந்த வயரை ஒருநாள் எலி கழற்றும். அன்று நான் இங்கே இல்லாவிட்டால், எனக்குப் பின் வருபவர் வைத்திருக்கும் ஒரே அறிவு விண்டோஸ் ஃபோமட் மட்டும் என்றால், லேப் பூட்டுப் போடப்படும். இப்படிப் பூட்டுப் போட்ட லேபுகளை நான் பார்த்திருக்கிறேன், உள்ளே எல்லாம் புதுசு.

ஆகவே எல்.டி.எஸ்.பி.யை விட்டுவிட்டு, ஒரு கணினியைச் சரியாக அமைத்து, குளோன்சில்லா என்ற இலவச நிரலால் அதன் படியை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்தேன். எது பழுதானாலும் அந்தப் படியைத் திரும்ப இறக்க இருபது நிமிடம். உயர்தரப் பிள்ளைகள் இரண்டு பேரே இதைச் செய்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகளின் திரையைப் பார்க்கவும் பூட்டவும் வெயோன் என்ற இலவச நிரல், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றாக ஓடுகிறது.

கோப்பு வைக்கும் பொது இடத்துக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று போதும். கை அகலப் பலகை, 5 வொட்டளவு இழுக்கும், மாதம் நான்கு அலகு வராது. கரண்ட் போய் வந்தால் தானே எழும்பும். அதில் சம்பா என்ற கோப்புப் பகிர்வு நிரல் வழியே பிள்ளைகளின் ஃபோல்டர், பக்கத்தில் கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளும் இணையம் இல்லாமல் லேபுக்குள் திறக்கின்றன. தரையிலிருந்து ஆறடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எதையும் தரையில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

மேகமும் இரண்டு கரையும்

மின்னஞ்சலையும் வகுப்புப் பணிகளையும் நாமே சேர்வர் வைத்து நடத்துவது வீண் வேலை. அவற்றை மேகத்தில், அதாவது இணையத்தில் இருக்கும் பெரிய நிறுவனங்களின் சேர்வர்களில், வைக்கலாம். கூகுளின் கல்விக்கான அடிப்படைப் பதிப்பு இலவசம், பாடசாலை முழுவதுக்குமாக 100 டெராபைட் இடம். மைக்ரோசொப்டின் ஒபிஸ் 365 ஏ1உம் இலவசம், அதில் வேர்டும் எக்செலும் பிரவுசரில்தான் ஓடும். முன்பு ஏ1 பிளஸ் என்று கணினியில் நிறுவும் ஒபிஸையும் இலவசமாகத் தந்தார்கள், 2024 ஓகஸ்டில் அதை நிறுத்திவிட்டார்கள். இலவசமாக வந்தது இலவசமாகவே போகும் என்பதற்கு அது உதாரணம். இரண்டில் எது என்றால், போனில் படிக்கும் பிள்ளைகள் கூடிய இடத்தில் கூகுள். நாங்கள் அதைத்தான் எடுத்தோம். இரண்டுக்கும் பாடசாலைக்கென்று ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரிப் பெயர், வேண்டும், .sch.lk என்று முடியும் முகவரி பாடசாலைகளுக்கென்றே இருக்கிறது.

ஆனால் இதிலும் ஆள் பிரச்சினை விடுவதில்லை. எனக்கு முன்னிருந்தவர் இதே கூகுள் கணக்கை அழகாக அமைத்திருந்தார். நிர்வாகி கணக்கை மீட்கும் தொலைபேசி இலக்கம் அவருடைய சொந்த இலக்கம். 2022 நெருக்கடியில் குடும்பத்தோடு வெளிநாடு போனார், இலக்கமும் போனது, டொமைனைப் புதுப்பிக்கும் மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குள் விழுந்தது. 600 பிள்ளைகளின் கணக்குகள் உள்ளே, சாவி இல்லை. மீட்டெடுக்க நான்கு மாதம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இப்போது நிர்வாகிகள் இரண்டு பேர், மீட்பு இலக்கம் பாடசாலையின் இலக்கம், கடவுச்சொற்கள் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி அதிபரின் இரும்பு அலுமாரியில். பாதுகாப்பு நிபுணர்கள் தலையில் அடித்துக்கொள்ளட்டும். பிள்ளைகளின் அடையாள விவரங்களை மட்டும் மேகத்தில் ஏற்றவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தப் பொறுப்பு நம் தலையில்.

இந்தக் கணக்கெல்லாம் கடல் பக்கத்து எழுவான்கரைக் கணக்கு. இங்கே ஃபைபர் வந்துவிட்டது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் படிப்பிக்கும் என் நண்பனுக்கு இதை அப்படியே சொல்ல முடியாது. அவன் லேபுக்கு டொங்கிள் ஒன்றுதான், மழைக்குச் சிக்னல் படுத்துவிடும். முப்பது விண்டோஸ் கணினி தலைக்கு 600 எம்.பி. அப்டேட் இறக்கினால் 18 ஜி.பி., மாதக் கோட்டா அதிலேயே தீர்ந்துவிடும். அவனுக்கு மேகம் வேண்டாம். ராஸ்பெரி பையும் கிவிக்ஸும், கொலிப்ரி என்ற இணையமற்ற பாடத்தளமும், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து பென் டிரைவில் அள்ளிப் போகும் அப்டேட்டும்தான் வழி. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் அப்பால் உள்ள சின்னப் பாடசாலைகளுக்கும் நான் இதையே சொல்வேன். முன்பு ஒருதரம் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) ஏறி மண்டூர்ப் பக்கம் ஒரு சேர்வரைத் திருத்தப் போனேன். போய்ச் சேர அரை நாள், பழுது ஒரு சுவிட்சின் பிளக். அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளே கழற்றிப் பூட்டக்கூடியதைத்தான் வைக்க வேண்டும்.

டொரொன்டோவுக்கு அனுப்பிய பதில்

கடைசியில் பட்டியல் இப்படி முடிந்தது. பழைய 18க்கும் எஸ்.எஸ்.டி.யும் ரெம்மும், அவற்றில் லினக்ஸ் மின்ட். புதிய 8இலும் பெட்டியோடு வந்த விண்டோஸை 11க்கு ஏற்றுவது. நூலகத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் போன மூன்றுக்கும் லினக்ஸ், அலுவலகக் கணினி ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்து விண்டோஸும் ஒபிஸும், பற்றுச்சீட்டோடு. ஒரு கிகாபிட் சுவிட்ச், ஒரு ராஸ்பெரி பை, யூ.பி.எஸ். பற்றரி, மின்னல் தடுக்கும் பிளக்குகள், ஐந்து வருட டொமைன் கட்டணம் முன்கூட்டியே. எல்லாம் ஐந்து லட்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பதில் உடனே வந்தது. "சேர்வரே இல்லையா சேர்? திறந்து வைக்கிற படம் எடுக்க ஒண்டுமில்லையே. காசு தந்த பொடியளுக்கு நான் என்னத்தக் காட்ட?"

அதுவும் நியாயம்தான். பெட்டிக்குள் போகும் எஸ்.எஸ்.டி.யை யாரும் ரிப்பன் வெட்டித் திறப்பதில்லை. உயர்தரப் பிள்ளைகள் 18ஐயும் மேசையில் பரப்பி வைத்து ஒரு படம் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு உறையிலும், விண்டோஸ் ஸ்டிக்கர் சுரண்டுப்பட்ட வெள்ளைத் தழும்பின் மேல், அந்தத் தம்பியின் சாதாரணதர அணியின் வருடத்தை அச்சடித்து ஒட்டினோம். சரியாக அதே அளவு.